வெட்டியெடுத்த பெயர்கள்: 1786

1786 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், ஏர்ஷயர் பகுதியில், இரண்டு காகிதங்களின் கதி அன்று தீர்மானமானது. ஒன்று அச்சிட்ட அறிவிப்பு. ஸ்காட்லாந்து மக்கள் பேசும் மொழியில் எழுதிய கவிதைகள் நூலாக வரப்போகின்றன, விலை 3 ஷில்லிங், வாங்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்கலாம் என்றது அது. மற்றொன்று கையால் எழுதிய சீட்டு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தங்களைக் கணவன் மனைவியாக ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் எழுத்துச் சான்று. ஏர் நகரத்து வழக்கறிஞர் ராபர்ட் எய்க்கன் அந்தச் சீட்டிலிருந்து இருவர் பெயரையும் வெட்டியெடுத்தார்.

இரண்டு காகிதங்களிலும் இருந்த ஆண் ஒருவரே. ராபர்ட் பர்ன்ஸ், 27 வயது, மாக்லின் என்ற சிற்றூரை ஒட்டிய மாஸ்கீல் பண்ணையில் குத்தகைக்குப் பயிரிட்டவர். இன்று ஸ்காட்லாந்தின் தேசியக் கவி. ஆண்டுதோறும் ஜனவரி 25 அன்று உலகின் பல மூலைகளில் அவர் பிறந்தநாளுக்கு விருந்து வைக்கிறார்கள். பெண், ஜீன் ஆர்மர். வயது 21. மாக்லின் ஊர்க் கொத்தனார் ஜேம்ஸ் ஆர்மரின் மகள். அப்போது நான்கு மாதக் கர்ப்பம்.

மறுநாள் நண்பர் காவின் ஹாமில்டனுக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு செய்திகளையும் பர்ன்ஸ் ஒன்றாகவே சொல்கிறார். நேற்றிரவு நூல் அறிவிப்புத் தாள்கள் கைக்கு வந்தன. நேற்றுத்தான் கிழவர் ஆர்மர் எய்க்கனைப் பிடித்து அந்தச் சீட்டைச் சிதைக்க வைத்தார். பெயர்கள் வெட்டப்பட்டதைக் கேட்டதும் தன் இரத்தக் குழாயையே அறுத்ததுபோல் இருந்ததாம். இந்தக் கடிதம் பர்ன்ஸின் வாழ்க்கை வரலாறுகளில் தவறாமல் வரும். கவிஞனின் துயரம் என்று அதைக் காட்டுவார்கள். ஆனால் அன்று வெட்டுப்பட்டது இருவர் பெயர். அதில் ஒரு பெயர் அதே நாளில் இன்னொரு தாளில் அச்சாகி ஊர் ஊராகப் போகத் தயாராக இருந்தது. மற்றப் பெயருக்குப் போக வேறு தாள் இல்லை.

அகத்திணை நடத்துகிறவள் நான். அகப்பாட்டில் தலைவனுக்கும் பெயர் கிடையாது, தலைவிக்கும் கிடையாது. அந்த மரபைப் பற்றி எனக்கு எத்தனையோ கேள்விகள் உண்டு. ஆனாலும் பெயரின்மை அங்கே இருவருக்கும் பொது. மாக்லின் கதையில் அது ஒருத்திக்கு மட்டும் நேர்ந்தது.

அந்தச் சீட்டின் பெறுமானம் என்ன? அன்றைய ஸ்காட்லாந்துச் சட்டப்படி திருமணத்துக்குப் போதகர் வேண்டியதில்லை, தேவாலயம் வேண்டியதில்லை. இருவர் மனமொத்து இப்போதே கணவன் மனைவி என்று ஒப்புக்கொண்டால் அது திருமணம். திருமண வாக்குக் கொடுத்து, அதை நம்பிப் பெண் உடலால் இணங்கினால் அதுவும் திருமணம்தான். சபை இதை ஒழுங்கற்ற திருமணம் என்று கண்டிக்கும், அபராதம் போடும், ஆனால் செல்லாது என்று சொல்லாது. இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வழியை அடைத்துவிட்டது. ஸ்காட்லாந்தில் 1940 வரை திறந்திருந்தது. பெண்களுக்கு இதில் ஓர் ஆதாயம் உண்டு. ஏமாற்றப்பட்டவள் நீதிமன்றம் போய் நான் இவன் மனைவி என்று நிறுவ முடியும். நிறுவுவதற்குத் தேவைப்படுவது சாட்சி, அல்லது எழுத்து. ஜீனிடம் எழுத்து இருந்தது. ஒரு துண்டுத் தாளை நறுக்கிவிட்டால் மனமொத்துச் செய்த திருமணம் சட்டப்படி முறிந்துபோகாது. கத்தரிக்கோல் எடுத்த வழக்கறிஞருக்கு அது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. முறியாது, ஆனால் நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது. அதுதான் நோக்கம்.

ஜேம்ஸ் ஆர்மரை வில்லனாக்குவது எளிது. பர்ன்ஸை நேசிக்கும் ஆய்வாளர்கள் 200 ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறார்கள். அந்தத் தகப்பன் கண்ணால் பாருங்கள். மாப்பிள்ளை ஆகப்போகிறவர் விளைச்சல் பொய்த்த பண்ணையில் கடனோடு இருப்பவர். போன ஆண்டு மே மாதம்தான் அவர் வீட்டில் வேலைக்கிருந்த எலிசபெத் பேட்டன் என்ற பெண்ணுக்கு அவரால் ஒரு பெண்குழந்தை பிறந்திருக்கிறது. அவரைத் திருமணம் செய்துகொள்ளும்படி பர்ன்ஸின் தாய் வற்புறுத்தியும் நடக்கவில்லை. இப்படிப்பட்டவருக்கு மகளைக் கொடுக்க எந்தக் கொத்தனாரும் யோசிப்பார். என் குறை வேறு. மகளின் வாழ்வைப் பற்றிய காகிதத்தை மகளைக் கேட்காமல் மூன்று ஆண்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்கிறார்கள். தகப்பன் கொடுக்கிறார், வழக்கறிஞர் வெட்டுகிறார், காதலன் ஹாமில்டனுக்குக் கடிதம் எழுதுகிறார். ஜீன் அப்போது ஊரிலேயே இல்லை. மார்ச் மாதமே அவரை பெய்ஸ்லியில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1786ஐ அறிவொளிக்கால வரலாற்று நூல்களில் தேடினால் கிடைப்பது வேறொரு ஸ்காட்லாந்து. எடின்பரோவில் ஆடம் ஸ்மித் சுங்கத்துறை ஆணையராக இருக்கிறார். எடின்பரோ ராயல் சொசைட்டிக்கு வயது மூன்று. பூமியின் வயது வேதாகமக் கணக்குக்குள் அடங்காது என்று எண்ண வைத்த ஜேம்ஸ் ஹட்டனின் கட்டுரை முந்தைய ஆண்டு அந்தச் சங்கத்தில்தான் வாசிக்கப்பட்டது. மாக்லினிலிருந்து குதிரையில் ஒருநாள் தூரத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், ஜான் மில்லர் சட்டம் கற்பித்துக்கொண்டிருக்கிறார். சமூகப் படிநிலைகளின் தோற்றம் பற்றி 1771இல் அவர் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயமே பெண்களின் நிலை குறித்ததுதான். வேட்டைச் சமூகத்திலிருந்து வணிகச் சமூகம் வரை, பெண்ணை ஒரு சமூகம் எப்படி நடத்துகிறது என்பதை வைத்து அதன் வளர்ச்சியை விளக்கலாம் என்று பார்த்த தொடக்ககால நூல்களில் அதுவும் ஒன்று. அதை மதிப்போடுதான் படிக்கிறேன். எடின்பரோ மருத்துவப் பேராசிரியர் ஜான் கிரிகரி தன் மகள்களுக்காக எழுதி, அவர் இறந்தபின் 1774இல் வெளிவந்த அறிவுரை நூலும் அதே மண்ணில் விளைந்ததுதான். உங்களுக்குக் கல்வியறிவு ஏதாவது இருந்தால் அதை மறைத்து வையுங்கள், குறிப்பாக ஆண்களிடம் என்கிறார் அந்தத் தகப்பன். பெண்ணின் நிலையை ஆராயும் சங்கத்தில் பெண்ணுக்கு உறுப்பினர் இடம் கிடையாது. அவர்கள் பெயரை விடாமல் எழுதிவைத்த நிறுவனம் ஸ்காட்லாந்தில் வேறொன்று இருந்தது. அதன் பெயர் கிர்க் செஷன்.

ஒவ்வொரு பங்கிலும் போதகரும் மூப்பர்களும் கூடி நடத்தும் மன்றம் அது. எல்லோரும் ஆண்கள். ஊரில் யார் கர்ப்பம், யாரால், எப்போது, எங்கே என்று விசாரித்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். திருமணமாகாதவள் தகப்பன் பெயரைச் சொல்ல மறுத்தால் பிரசவ வலியில் இருக்கும்போது மருத்துவச்சி வழியாகக் கேட்கச் செய்வதும் உண்டு. எங்காவது குழந்தைப் பிணம் கிடைத்தால் ஊரில் மணமாகாத பெண்களின் மார்பில் பால் இருக்கிறதா என்று சோதித்த பதிவுகளும் உண்டு. 1690ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பின்னால் வாளாக நின்றது. கர்ப்பத்தை மறைத்து, பிரசவத்தில் உதவிக்குக் கூப்பிடாமல் இருந்து, குழந்தை இறந்தாலோ காணாமல் போனாலோ, தாயே கொன்றாள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். தண்டனை மரணம். 1809 வரை அந்தச் சட்டம் நீக்கப்படவில்லை. லியா லெனெமன், ரோசலிண்ட் மிட்சிசன் என்ற இரண்டு பெண் வரலாற்றாசிரியர்கள் இந்தப் பதிவேடுகளை ஊர் ஊராகப் படித்து நூல் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் காட்டும் ஸ்காட்லாந்து நமக்கு அதிகம் தெரியாத ஸ்காட்லாந்து.

மன்றம் விசாரித்த குற்றத்துக்கு நம் தமிழ் வேதாகமம் வைத்திருக்கும் சொல் வேசித்தனம். இருவர் சேர்ந்து செய்வது. சொல் மட்டும் ஒருத்தியின் பெயரில் இருக்கிறது. மாக்லின் பதிவேட்டின் ஆங்கிலச் சொல்லில் அந்தப் பாகுபாடு இல்லை. ஆனால் அந்த மன்றத்தின் நடைமுறைக்குத் தமிழ்ச் சொல்தான் பொருத்தம்.

ஏப்ரல் 2, ஞாயிறு. மணமாகாத பெண் ஜீன் ஆர்மர் கர்ப்பமென்று கேள்வி, ஊரைவிட்டு வேறிடம் போயிருக்கிறாள், விசாரிப்பது நம் கடமை என்று மாக்லின் மன்றம் பதிகிறது. ஜேம்ஸ் லாமி, வில்லியம் ஃபிஷர் என்ற இரண்டு மூப்பர்களைப் பெற்றோரிடம் அனுப்புகிறார்கள். இந்த ஃபிஷரைத்தான் பர்ன்ஸ் ஒரு பாட்டில் போலிப் பக்தனாக என்றென்றைக்கும் நிறுத்திவிட்டார். இலக்கிய மாணவர்களுக்கு ஃபிஷரைத் தெரியும். எனக்கு இந்தப் பதிவில் முக்கியமானவர் வேறொருவர். ஏப்ரல் 9 அன்று லாமி வந்து சொல்கிறார்: ஜீனின் தாய் மேரி ஸ்மித்தைப் பார்த்தேன், மகள் கர்ப்பமென்ற சந்தேகமே தனக்கில்லை என்கிறார், பெய்ஸ்லியில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போயிருக்கிறாள், சீக்கிரம் வந்துவிடுவாளாம்.

11 பிள்ளை பெற்றவர் மேரி ஸ்மித். கர்ப்பத்தை அறியாதவர் அல்ல. வாசலில் வந்து நின்ற மூப்பரின் முகத்தைப் பார்த்து நிதானமாக ஒரு பொய் சொல்கிறார். மூன்று மாதப் பதிவில் ஜீனைக் காப்பாற்றும் திசையில் யாராவது ஒரு வாக்கியம் பேசியிருக்கிறார்கள் என்றால் அது இந்த வாக்கியம்தான். மகளை ஊரைவிட்டு அனுப்பியதிலும் அந்தச் சீட்டின் முடிவிலும் தாய்க்கும் பங்கு இருந்திருக்கும். அதையும் மறக்கவில்லை. ஆனால் நான் ஏர்ஷயரின் 1786ஐப் பற்றி ஒரு கவிதை எழுதினால் அது டெய்சிப் பூவைப் பற்றியதாக இருக்காது, அந்த வாசற்படியைப் பற்றியதாக இருக்கும்.

ஜூன் 9, வெள்ளிக்கிழமை, ஜீன் ஊர் திரும்பினார். ஜூன் 12 அன்று பர்ன்ஸ் தன் நண்பர் டேவிட் பிரைஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஜூன் 13 அன்று ஜீன் போதகர் வில்லியம் ஆல்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஒருநாள் இடைவெளி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பர்ன்ஸின் கடிதம் நீளமானது. ஜீனைப் புத்தி கெட்டவள், நன்றி கெட்டவள் என்கிறார். அடுத்த மூச்சிலேயே எந்த ஆணும் இப்படி ஒரு பெண்ணை நேசித்திருக்க மாட்டான் என்கிறார். மறக்கக் குடித்துப் பார்த்தாராம், நண்பர் கூட்டங்களில் கும்மாளம் போட்டுப் பார்த்தாராம், முடியவில்லையாம். அவள் நித்திய அழிவின் பாதையில் போகிறாளே என்றுதான் தனக்கு வருத்தம் என்று முடிகிறது புலம்பல். அழகான உரைநடை, மறுக்கவில்லை. ஒரு மனிதன் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு அழுவதை இவ்வளவு உயிரோடு எழுதியவர்கள் குறைவு.

ஜீனின் கடிதம் மிகச் சிறியது. உங்கள் மன்றத்துக்கு என்னால் தொல்லை நேர்ந்ததற்கும், இனி நேரப்போவதற்கும் வருந்துகிறேன். நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன், மாஸ்கீலில் இருக்கும் ராபர்ட் பர்ன்ஸ்தான் தகப்பன். இவ்வளவுதான் அதன் சாரம். பிறகு பணிவான முடிப்பு, பெயர், ஊர், தேதி. ஏமாற்றப்பட்டேன் என்று இல்லை. வாக்குக் கொடுத்தான் என்று இல்லை. அழிவின் பாதை எதுவும் இல்லை. அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இனி நேரப்போகும் தொல்லை என்ற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். வயிறு இன்னும் வளரும், குழந்தை பிறக்கும், நீங்கள் இன்னும் பலமுறை என் பெயரை எழுதவேண்டி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். நேரில் வா என்று அழைத்த மன்றத்துக்கு அவர் போகவில்லை. தாளை அனுப்பினார். ஜூன் 18 அன்று அதைப் பதிவேட்டில் படியெடுத்தார்கள். அதனால்தான் அது நம் கைக்கு வந்திருக்கிறது. 1786இல் ஜீன் ஆர்மர் பேசியது என்று நம்மிடம் இருப்பது இது. இலக்கிய வரலாறு இவரைக் கவிஞனின் உந்துசக்தி என்று வகைப்படுத்துகிறது. ஒரு சொல்கூட வீணாக்காத இந்த எழுத்தைப் பிரதி என்று யாரும் சொல்வதில்லை.

ஜூன் 25 அன்று பர்ன்ஸ் மன்றத்தில் தோன்றி ஒப்புக்கொண்டார். தண்டனை, ஞாயிற்றுக்கிழமைகளில் சபையார் முன்னால் நின்று கண்டனம் கேட்பது. ஜூலை 17 அன்று மீண்டும் பிரைஸுக்கு எழுதுகிறார். நான் ஏற்கெனவே நின்றுவிட்டேன், என் சொந்த இருக்கையிலேயே நிற்கப் போதகர் சலுகை தந்தார். ஜீனும் அவள் ஆட்களும் அவளும் என்னோடு சேர்ந்தே நிற்கவேண்டும் என்று வற்புறுத்தினார்கள், போதகர் விடவில்லை, அவள் அருகில் இல்லாதது எனக்குத் திருப்திதான். இப்படிப் போகிறது செய்தி.

சேர்ந்து நிற்கவேண்டும் என்று ஜீன் கேட்டார். இந்த ஒரு செய்திக்காகவே நான் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துவேன். சீட்டில் இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தன. அது போய்விட்டது. ஊர் பார்க்க இரண்டு உடல்களும் அருகருகே நின்றால் அதுவும் ஒரு சீட்டுத்தான், யாராலும் நறுக்க முடியாத சீட்டு. எனக்கு அந்தக் கோரிக்கை இப்படித்தான் புரிகிறது. அவமானத்தைப் பங்குபோடக் கேட்டதாகச் சொல்பவர்கள் சொல்லட்டும். பர்ன்ஸுக்கு அதில் வேறொரு கணக்கு இருந்தது. நின்று முடித்தால் மணமாகாதவர் என்று சான்றிதழ் தருவதாக ஆல்ட் வாக்களித்திருந்தார். ஏப்ரலில் நறுக்கிய காகிதத்தின் வேலையை ஆகஸ்டில் எழுதவிருந்த காகிதம் முடித்து வைக்கும். ஆகஸ்ட் 6 பதிவில் ஐந்து பெயர்கள்: ராபர்ட் பர்ன்ஸ், ஜான் ஸ்மித், மேரி லிண்ட்சே, ஜீன் ஆர்மர், ஆக்னஸ் ஆல்ட். மனந்திரும்பியதாகச் சபைமுன் சொன்னார்கள், மன்னிக்கப்பட்டார்கள். பிரசவத்துக்கு நான்கு வாரம் இருந்தது.

இதற்கிடையில் ஜூலை 22 அன்று இன்னொரு காகிதம். பர்ன்ஸ் தன் சொத்து முழுவதையும், வரப்போகும் நூலின் வருமானம் உட்பட, தம்பி கில்பர்ட் பெயருக்கு எழுதிவைத்தார். பேட்டனுக்குப் பிறந்த மகளைப் 15 வயது வரை வளர்த்துப் படிக்க வைப்பது தம்பியின் பொறுப்பு. முதல் குழந்தைக்கு இது நியாயமான ஏற்பாடு. ஜீனின் வயிற்றில் இருந்த குழந்தைக்கு அதில் ஒன்றும் இல்லை, ஆர்மர் குடும்பம் கைவைக்கவும் இனி எதுவும் இல்லை. ஜேம்ஸ் ஆர்மர் பெருந்தொகைக்குப் பிணை கேட்டுக் கைது ஆணை வாங்கினார். ஜூலை 30 அன்று பர்ன்ஸ் தலைமறைவாக இருந்துகொண்டு நண்பருக்கு எழுதுகிறார். ஜூலை 31 அன்று கில்மார்நாக் நகரில் ஜான் வில்சனின் அச்சகத்திலிருந்து நூல் வெளிவந்தது. 612 பிரதிகள்.

அவற்றில் 145 பிரதிகளுக்கு ஆள் பிடித்துத் தந்தவர் யார் தெரியுமா? ஏப்ரலில் கத்தரிக்கோல் எடுத்த அதே எய்க்கன். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நூலின் புகழ்பெற்ற பாடல்களில் ஒன்றான, சனிக்கிழமை மாலையில் ஏழைக் குடியானவர் வீட்டைப் பாடும் நெடும்பாட்டு எய்க்கனுக்கே காணிக்கை. அந்தப் பாட்டில் ஜென்னி என்ற பெண்ணைத் தேடி ஒரு இளைஞன் வருகிறான். அப்படிப்பட்ட பெண்ணின் நம்பிக்கையைக் கெடுக்கும் பாதகன் எவனாவது இருப்பானா என்று கவிஞர் கொதிக்கிறார். நல்ல பாட்டு. அதே நூலில் ஒரு நண்பனின் காதல் முறிவைப் பற்றியதாகத் தலைப்பிட்ட புலம்பல் பாட்டும் உண்டு. நண்பன் வேறு யாருமில்லை. அதில் வாக்குத் தவறியவள் பெண், கைவிடப்பட்டவன் ஆண். பேட்டனின் மகள் பிறந்தபோது, ஊர் என்ன சொன்னாலும் நீ என் மகள் என்று அவளை வரவேற்று எழுதிய பாட்டு இந்த நூலில் இடம்பெறவில்லை. ஃபிஷரைக் கிழித்த பாட்டும் இல்லை. எது அச்சுக்குப் போகலாம், எது போகக்கூடாது என்பதில் பர்ன்ஸ் விவரமானவர்.

அச்சிட்டதே கப்பல் ஏறத்தான். ஜமைக்காவில் போர்ட் அன்டோனியோ அருகே ஒரு பண்ணையில் கணக்கர் வேலை பேசியிருந்தது. கப்பல் கூலி 9 கினி. 3 ஷில்லிங் விலையில் 63 பிரதி விற்றால் வரும் பணம் அது. கணக்கர் என்ற பெயரை நம்பவேண்டாம். கரும்புத் தோட்டங்களில் அந்தப் பெயருள்ளவர்களின் வேலை அடிமைகளை மேய்ப்பது. பர்ன்ஸுக்கே அது தெரியும், நீக்ரோக்களை ஓட்டும் வேலை என்று மறு ஆண்டு அவரே எழுதினார். எட்டு ஆண்டுகளுக்கு முன்னால், 1778இல், ஜோசப் நைட் வழக்கில் ஸ்காட்லாந்து மண்ணில் அடிமைமுறைக்குச் சட்ட ஆதரவு இல்லை என்று எடின்பரோ உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கடல் தாண்டி அந்தத் தீர்ப்புப் போகவில்லை. ஸ்காட்லாந்து இளைஞர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தோட்டங்களில் கரும்பு வெட்டியவர்களில் பெண்கள் ஆண்களுக்குக் குறையாத எண்ணிக்கையில் இருந்தார்கள், பல இடங்களில் அதிகம். மாக்லினில் ஒருத்தி கர்ப்பமானால் தகப்பன் யார் என்று ஊரே துளைத்துக் கேட்டது. குழந்தையின் பெயரும் சோறும் அந்தப் பதிலில் இருந்தன. ஜமைக்காவில் அடிமைப் பெண்ணிடம் எந்த மன்றமும் அதைக் கேட்டதில்லை. குழந்தை தாயின் நிலையைப் பின்தொடரும் என்பது அங்கே சட்டம். தகப்பன் வெள்ளைக் கணக்கராக இருந்தாலும் பிறப்பது முதலாளியின் சொத்து. தாய்வழி மரபு என்று சொன்னதும் பெண்ணியவாதிகளான நம் முகம் கொஞ்சம் மலரும். உலகின் மிகக் கொடிய தாய்வழி மரபு ஒன்று இப்படி இருந்தது. பர்ன்ஸ் போகவில்லை. கப்பல் தள்ளிப்போனது, நூல் ஒரு மாதத்தில் விற்றுத் தீர்ந்தது, எடின்பரோவிலிருந்து பாராட்டு வந்தது. போகாமல் போனதற்கு மனசாட்சியைக் காரணமாகக் காட்டும் எழுத்து எதுவும் அவரிடம் இல்லை.

அந்த ஆண்டில் மேரி கேம்பல் என்ற பெண்ணும் வருகிறார். மேட்டுநிலப் பகுதியிலிருந்து வந்தவர், ஹாமில்டன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர். மே 14, ஞாயிற்றுக்கிழமை, ஓர் ஆற்றங்கரையில் வேதாகமங்களை மாற்றிக்கொண்டு பர்ன்ஸோடு பிரிந்தார். பர்ன்ஸ் கொடுத்த இரண்டு பாக வேதாகமம் இன்று ஆலோவேயில் பாதுகாக்கப்படுகிறது. பொய்ச் சத்தியம் செய்யாதே என்னும் வசனங்கள் அதில் கவிஞர் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. அருகில் இருந்த பெயர்கள் தேய்த்து அழிக்கப்பட்டுவிட்டன. அந்த இலையுதிர்காலத்திலேயே மேரி கிரீனக் நகரில் காய்ச்சலில் இறந்தார். இறந்ததனால் அவருக்குச் சிலை உண்டு. ஆண்களின் இலக்கியத்தில் இறந்த காதலிக்கு உயிரோடிருப்பவளைவிட எப்போதும் நல்ல இடம்.

செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, ஜீனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆணுக்கு ராபர்ட், பெண்ணுக்கு ஜீன். வெட்டியெடுத்த இரண்டு பெயர்களையும் அப்படியே குழந்தைகளுக்கு வைத்தார்கள். பெற்றோர் பெயரை வைப்பது அந்த ஊர் வழக்கம்தான் என்றாலும் எனக்கு அது வழக்கமாக மட்டும் படவில்லை. பையனை மாஸ்கீலுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே ஏற்கெனவே பேட்டனின் மகளை வளர்த்துக்கொண்டிருந்தவர் பர்ன்ஸின் தாய் ஆக்னஸ் பிரௌன். பெண்குழந்தை ஜீனிடம் இருந்தது. எலிசபெத் பேட்டன் நூல் லாபத்திலிருந்து 20 பவுண்ட் வாங்கிக்கொண்டு தன் கோரிக்கையை முடித்துக்கொண்டார். நூலால் தன் கையில் நின்றதே ஏறக்குறைய 20 பவுண்ட் என்று பர்ன்ஸ் பின்னால் எழுதியிருக்கிறார்.

நவம்பர் இறுதியில் பர்ன்ஸ் எடின்பரோ போய்ச் சேர்ந்தார். டிசம்பர் 9 அன்று 'தி லவுஞ்சர்' இதழில் ஹென்றி மெக்கன்சி நூலைப் புகழ்ந்து எழுதினார். விண்ணுலகம் கற்பித்த உழவன் என்றார். அறிவொளி நகரம் அந்தத் தொடரில் மயங்கியது. விண்ணுலகம் பர்ன்ஸுக்கு என்ன கற்பித்தது என்பது எனக்குத் தெரியாது. பூமியில் கற்பித்தவர்கள் யார் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். பேய், சூனியக்காரி, பூதம் என்று நாட்டிலேயே அதிகக் கதை தெரிந்த பெட்டி டேவிட்சன் என்ற உறவுக்காரப் பெண். பழம்பாடல்களைப் பாடிக்கொண்டே வேலை செய்த தாய் ஆக்னஸ், எழுதத் தெரியாதவர். ஸ்காட்லாந்து மொழியின் தாளமும் கேலியும் அந்த இரண்டு பெண்களின் வாயிலிருந்து அவர் காதுக்கு வந்தன. மெக்கன்சியின் ஒரு தொடர் அந்த உழைப்பு முழுவதையும் தூக்கி ஆகாயத்தின் கணக்கில் வரவு வைத்தது.

அதே ஆண்டில், மாக்லினிலிருந்து அதிகத் தூரமில்லாத முயர்கிர்க்கில், இசபெல் பேகன் என்ற கால் ஊனமுற்ற பெண் சாராயம் விற்றுக்கொண்டு சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. பிறர் எழுதி 1803இல்தான் அவர் பாடல்கள் நூலாயின. 'ஆல்ட் ராபின் கிரே' என்ற பாட்டை அப்போது ஸ்காட்லாந்தே பாடியது. அதை எழுதியவர் ஆன் லிண்ட்சே. உயர்குடிப் பெண் பாட்டெழுதுவது வெளியே தெரியக்கூடாது என்று அரை நூற்றாண்டு வாயைத் திறக்காமல் இருந்து, 1823இல்தான் வால்டர் ஸ்காட்டுக்கு எழுதி ஒப்புக்கொண்டார். ஏழைப் பெண்ணுக்கு எழுத்து இல்லை, பணக்காரப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. விண்ணுலகம் இவர்களில் ஒருவருக்கும் பாடம் எடுத்ததாக எந்த இதழும் எழுதவில்லை.

1788 ஆகஸ்ட் 5 அன்று மாக்லின் மன்றப் பதிவேட்டில் ராபர்ட் பர்ன்ஸும் ஜீன் ஆர்மரும் மறுபடி வருகிறார்கள். ஒழுங்கற்ற முறையில் தாங்கள் திருமணம் செய்துகொண்டவர்கள் என்று ஒப்புக்கொள்கிறார்கள். மன்றம் கண்டிக்கிறது, இனி வாழ்நாளெல்லாம் கணவன் மனைவியாக இருக்கவேண்டும் என்று கட்டுகிறது. ஊர் ஏழைகளுக்கென்று பர்ன்ஸ் ஒரு கினி தருகிறார். பதிவின் கீழே இரண்டு பெயர்களும் உள்ளன. இரட்டையரில் பெண்ணான சின்ன ஜீன் இறந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது.